சிவில் படிச்சவங்க மேல என்ன படிக்கலாம்? - ஒரு 200 வருஷக் கதை

போன ஞாயித்துக்கிழமை அம்பத்தூர் ஓ.டி.யில இருக்கிற சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மீன் குழம்புக்காகத்தான் போனேன், பொய் சொல்ல விரும்பல. ஆனா கை கழுவறதுக்குள்ள சித்தி பொண்ணு ஒரு பேப்பரைக் கொண்டு வந்து முன்னாடி வச்சுட்டா. அவ பூந்தமல்லி பக்கத்துல ஒரு காலேஜ்ல பி.இ. சிவில், மூணாவது வருஷம் ஆரம்பம். பாடத்தோட சேர்த்து 18 கிரெடிட் அதிகமாப் படிச்சா, டிகிரியில 'ஹானர்ஸ்'னோ 'மைனர்'னோ சேர்த்துப் போட்டுத் தருவாங்களாம். திங்கட்கிழமைக்குள்ள எதுன்னு எழுதிக் கொடுக்கணும்.

"அண்ணா, எது எடுக்கறது?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சித்தி அடுப்படியில இருந்து குரல் கொடுத்தாங்க. "அந்த டேட்டா ஏதோ சொல்றாங்களேப்பா, அதையே எடுக்கச் சொல்லு. உன்ன மாதிரி ஏ.சி. ரூம்ல உக்காந்து வேலை பார்க்கட்டும். வெயில்ல கல்லும் மண்ணும் சுமக்கவா பொண்ணைப் பெத்தேன்?"

நானும் சிவில் படிச்சவன்தாங்க. 2019-ல முடிச்சேன். இப்ப சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டறேன். அதனால ரெண்டு பக்கமும் பேசற தகுதி எனக்கு இருக்குன்னு வீட்ல ஒரு நம்பிக்கை. "சாயங்காலம் சொல்றேன்"னு தப்பிச்சு வந்துட்டேன். ஆனா கேள்வி விடல. சரி, இந்த எம்.இ., ஹானர்ஸ், மைனர் எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு, யாருக்காக வந்துச்சுன்னு பழைய கதையில இருந்து யோசிக்க ஆரம்பிச்சேன். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்துருங்க :-)

*

கதை 1794-ல ஆரம்பிக்குது. கம்பெனி ஆட்சி. கையில நிலம் இருக்கு, வரி வசூலிக்கணும், ஆனா எந்த ஊர் எங்க இருக்கு, எந்த ஏரி எவ்வளவு பெரிசுன்னு ஒழுங்கான வரைபடம் கிடையாது. அளக்கத் தெரிஞ்ச ஆட்களை இங்கிலாந்துல இருந்து கப்பல்ல கொண்டு வந்தா செலவு கட்டுப்படியாகாது. மைக்கேல் டாப்பிங்னு ஒருத்தர் ஒரு யோசனை சொன்னார்: இங்கேயே பசங்களைப் பிடிச்சு சொல்லிக் கொடுத்துடலாம். எட்டே எட்டுப் பசங்களோட மெட்ராஸ்ல ஒரு சர்வே பள்ளிக்கூடம் ஆரம்பமாச்சு. டாப்பிங் ரெண்டே வருஷத்துல, 1796-ல, இறந்துட்டார். பள்ளிக்கூடம் நிலைச்சிடுச்சு. இன்னிக்கு நாம கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்னு சொல்றது அதோட வாரிசுதான்.

கவனிங்க, அது சிவில் இன்ஜினியரிங் பள்ளிக்கூடம் இல்ல. வெறும் 'அளவு' பள்ளிக்கூடம். அன்னிக்கு நிலம் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணு: "நான் எவ்வளவு இருக்கேன்?" அதுக்குப் பதில் சொல்ல ஆள் வேணும், அவ்வளவுதான். 1802-ல வில்லியம் லாம்டன் பரங்கிமலை பக்கத்துல ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை சங்கிலி வச்சு அளந்து, அதுலேர்ந்து மொத்த இந்தியாவையும் முக்கோணம் முக்கோணமா அளக்கற வேலையைத் தொடங்கினாரே, அதுவும் இதே கேள்விக்கான பதில்தான்.

அடுத்த அம்பது, அறுபது வருஷத்துல கேள்வி மாறிடுச்சு. அணை, வாய்க்கால், சாலை, பாலம், ரயில். 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓடிச்சு, தென்னிந்தியாவோட முதல் பாதை. அந்தப் பாதை நம்ம அம்பத்தூர், ஆவடி வழியாத்தான் போகுது. (தினமும் அரக்கோணம் லோக்கல்ல தொங்கிக்கிட்டுப் போறவங்க கொஞ்சம் பெருமைப்பட்டுக்கலாம்.) இதையெல்லாம் கட்ட வெறும் அளவைக்காரன் போதாது. அதனால சர்வே பள்ளிக்கூடம் 1858-ல சிவில் இன்ஜினியரிங் பள்ளியாகி, அடுத்த வருஷமே காலேஜ் ஆச்சு. சேப்பாக்கத்துல கலச மஹால்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு, 1920-ல கிண்டிக்குப் போச்சு.

அந்தக் காலத்துல சிவில் இன்ஜினியர்னா சகலகலா வல்லவன். ஒரே ஆள் ஏரியும் வெட்டுவார், பாலமும் கட்டுவார், ஆஸ்பத்திரிக்கு கட்டடமும் எழுப்புவார். அப்ப மேல்படிப்பு, தனிப்பிரிவு இதெல்லாம் எதுக்கு வந்துச்சு? சகலகலா வல்லவனால சமாளிக்க முடியாத கேள்விகள் ஒவ்வொண்ணா வந்ததுதான் காரணம். நம்ம மேற்குப் பக்கத்துல இருந்தே உதாரணம் சொல்றேன்.

*

முதல் கேள்வி, குடிதண்ணி. 1872-ல புழல் ஏரித் தண்ணியை கீழ்ப்பாக்கம் வரைக்கும் திறந்த வாய்க்கால்ல கொண்டு வந்தாங்க. அம்பத்தூர் ஒரகடத்துல இருக்கிறவங்களுக்கு புழல் ஏரி ஒண்ணும் தூரம் இல்ல. தண்ணி வந்துடுச்சு, சரி. ஆனா திறந்த வாய்க்கால்ல வர்ற தண்ணி எப்படி இருக்கும்? வழியில ஆடு மாடு, அழுக்கு, கூடவே நோய். கொண்டு வர்றது ஒரு வேலைன்னா, குடிக்கிற மாதிரி ஆக்கறது இன்னொரு வேலைன்னு அப்பத்தான் உறைச்சுது. 1914-ல மணல் வடிகட்டிகளோட கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையம் வந்துச்சு. ஜே.டபிள்யூ. மேட்லிங்கிற இன்ஜினியர் செஞ்ச வேலை.

இங்க கணக்கு மட்டும் தெரிஞ்சாப் போதாது. கிருமி தெரியணும், வேதியியல் தெரியணும். செங்கல்லும் சுண்ணாம்பும் தெரிஞ்சவருக்கு அது தெரியாது. இந்த மாதிரித் தேவையிலதான் உலகம் முழுக்க 'பொதுச் சுகாதாரப் பொறியியல்'னு ஒரு படிப்பு கிளம்பிச்சு. அதுதான் வளர்ந்து இன்னிக்கு எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல்.

ரெண்டாவது கேள்வி, ரோடு. மாட்டு வண்டிக்குப் போட்ட ரோட்டுல லாரி ஓட ஆரம்பிச்சா என்ன ஆகும்? 1943-ல நாக்பூர்ல நாடு முழுக்க இருந்த தலைமை இன்ஜினியர்கள் கூடி, இருபது வருஷத்துக்கான சாலைத் திட்டம் ஒண்ணு போட்டாங்க. ரெண்டே வருஷத்துல, 1945-ல, கிண்டியில நெடுஞ்சாலைப் பொறியியல் தனிப் படிப்பா வந்துச்சு. 1946-ல மெட்ராஸ் மாகாணத்துல நெடுஞ்சாலைக்குன்னே தனித்துறை. பூந்தமல்லி ஹைரோடுல டிராஃபிக்ல நிக்கும்போது திட்டறோமே, அந்த ரோட்டைப் பத்திப் படிக்க ஒரு படிப்பு வந்த கதை இதுதான். இன்னிக்கு எம்.இ. போக்குவரத்துப் பொறியியல்.

மூணாவது, ஏரியும் ஆறும். ஊர் பெருக்கப் பெருக்க புழல் பத்தல. 1940-ல மேயர் சத்தியமூர்த்தி அடிக்கல் நாட்டி, 1944-ல கொசஸ்தலை ஆத்துல பூண்டி நீர்த்தேக்கம் வந்துச்சு. அதே 1944-ல அங்கேயே ஒரு பாசன ஆராய்ச்சி நிலையமும் ஆரம்பிச்சாங்க. திருவள்ளூர் தாண்டிப் போனா இப்பவும் இருக்கு, நீரியல் ஆய்வு நிறுவனம்னு பேரு. ஒரு அணை கட்டறதுக்கு முன்னாடி, அதைச் சின்ன மாதிரியா செஞ்சு, தண்ணியைத் திறந்து விட்டுப் பார்ப்பாங்க. எங்க மண் அரிக்குது, எங்க சுழி போடுதுன்னு. சிவில் பசங்களை பஸ்ல ஏத்திட்டுப் போய்க் காட்டற இடம் அது. எங்களையும் கூட்டிட்டுப் போனாங்க. நான் ஜன்னல் சீட்டுக்கு சண்டை போட்டதுதான் ஞாபகம் இருக்கு. ஹி..ஹி..

*

இந்த இடத்துல ஒரு மனுஷரைப் பத்திச் சொல்லியே ஆகணும். கே.எல். ராவ். கிருஷ்ணா மாவட்டத்துல இருந்து வந்தவர், 1902-ல பொறந்தவர். சின்ன வயசுல ஒரு கண்ணுல பார்வை போயிடுச்சு. கிண்டியில பி.இ. முடிச்சார். அந்தக் காலத்துல கிண்டியில பி.இ. முடிச்சா போதும், அரசாங்க வேலை, வாழ்க்கை செட்டில். மேல படிக்கணும்னு எந்த அவசியமும் கிடையாது. அவர் படிச்சார். மெட்ராஸ் பல்கலைக்கழகத்துல இன்ஜினியரிங்ல முதுகலைப் பட்டம் வாங்கின முதல் மாணவர் அவர்தான். அப்புறம் இங்கிலாந்து போய் பர்மிங்ஹாம்ல 1939-ல டாக்டர் பட்டம். கான்கிரீட் பத்திப் புத்தகம் எழுதினார். பின்னாடி மத்திய நீர்ப்பாசன அமைச்சராகி, கங்கையையும் காவிரியையும் இணைக்கலாம்னு 1972-ல திட்டம் சொன்னவரும் அவர்தான்.

எனக்கு இதுல பிடிச்சது என்னன்னா, அவர் மேல படிச்சது வேலை கிடைக்காததால இல்ல. 'வேலை கிடைக்கல, அதனால எம்.இ. சேர்ந்துட்டேன்'ங்கிறது நம்ம காலத்து வசனம். நாட்டுல பெரிய பெரிய அணைகள் வரப்போகுது, அதுக்கு பி.இ.யில கத்துக்கிட்டது பத்தாதுன்னு தெரிஞ்ச தலைமுறை அது.

அதே கிண்டியில 1940-கள்ல மூணு பொண்ணுங்க படிச்சு முடிச்சாங்க. லலிதா எலெக்ட்ரிகல், தெரஸியாவும் லீலம்மா ஜார்ஜும் சிவில். பொண்ணு இன்ஜினியர் ஆவாள்னு யாரும் நினைச்சுப் பார்க்காததால, சர்டிஃபிகேட்ல 'அவன்'னுதான் அச்சடிச்சிருந்தாங்க. அதை அடிச்சுட்டு 'அவள்'னு எழுதிக் கொடுத்தாங்களாம். அந்த தெரஸியா 1971-ல கேரளா பொதுப்பணித்துறையோட தலைமை இன்ஜினியர் ஆனாங்க. (சித்தி, இந்தப் பத்தி உங்களுக்குத்தான்.)

*

சுதந்திரத்துக்கு அப்புறம் வேகம் பிடிச்சுது. 1959-ல மேற்கு ஜெர்மனி உதவியோட கிண்டி காட்டுக்குள்ள ஐ.ஐ.டி. வந்துச்சு. தரமணியில சி.எஸ்.ஐ.ஆரோட கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் வந்துச்சு. இந்தப் பக்கம் ஆவடியில கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூர்ல தொழிற்பேட்டைன்னு 1960-கள் முழுக்க ஷெட்டும் சிம்னியுமா எழும்பிச்சு. பெரிய மெஷின் உட்கார வைக்கணும்னா கீழ இருக்கிற மண் தாங்கணும். 1925-ல கார்ல் டெர்சாகி ஜெர்மன்ல ஒரு புத்தகம் எழுதி, மண்ணுக்கும் ஒரு அறிவியல் உண்டுன்னு நிரூபிச்சதுல இருந்து மண் இயக்கவியல் தனிப் பாடமா வளர்ந்துச்சு. எம்.இ. மண் இயக்கவியலும் அடித்தளப் பொறியியலும்ங்கிற நீளப் பேருக்குப் பின்னாடி இருக்கிற கேள்வி ரொம்பச் சின்னது: "கீழ என்ன இருக்கு?"

1978-ல அண்ணா பல்கலைக்கழகம் உருவாச்சு. 1984-ல சுயநிதி இன்ஜினியரிங் காலேஜ்களுக்குக் கதவு திறந்தாங்க. அதுக்கப்புறம் நம்ம பக்கம் நடந்ததை நீங்களே பார்த்திருப்பீங்க. மதுரவாயல், ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு, தண்டலம்னு பெங்களூர் ரோட்டுல ஏரிக்கு ஒரு காலேஜ், ஏரிக்கரைக்கு ஒரு காலேஜ். அதுல பல காலேஜ்ல சிவில் உண்டு, சிலதுல எம்.இ. ஸ்ட்ரக்சுரலும் உண்டு. ஆனா 2000-க்கு அப்புறம் காத்து வேற பக்கம் அடிச்சுது. சிவில் படிச்சாலும் கேம்பஸ்ல வந்தது சாஃப்ட்வேர் கம்பெனிதான். அம்பத்தூர் எஸ்டேட்லயே பழைய ஆலைகளுக்கு நடுவுல கண்ணாடிக் கட்டடங்கள் முளைச்சுது. அந்தக் கண்ணாடிக்குள்ள உட்கார்ந்து வேலை பார்த்த சிவில் ஆளுங்கள்ல நானும் ஒருத்தன்.

*

இப்ப என் கதைக்கு வர்றேன்.

நான் பிளஸ் டூ சேர்ந்த புதுசு. 2014 ஜூன் 28, சனிக்கிழமை, நல்ல மழை. சாயங்காலம் போரூர் தாண்டி மௌலிவாக்கத்துல கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துடுச்சு. 61 பேர் செத்துப் போனாங்க. பெரும்பாலும் கூலி வேலைக்கு வந்தவங்க. வெளியூர்ல இருந்து, வெளி மாநிலத்துல இருந்து. முதல்ல இடி விழுந்துச்சுன்னு பேச்சு அடிபட்டுச்சு. விசாரணையில கட்டமைப்பு வடிவமைப்புலயே குறைன்னு வந்துச்சு. பக்கத்துல அதே மாதிரி நின்ன இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ம் தேதி வெடி வச்சுத் தகர்த்தாங்க. டி.வி.யில பார்த்தோம். சில விநாடிதான். புழுதி.

அடுத்த வருஷம் கவுன்சிலிங்ல சிவில் எடுத்தேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சினிமா வசனம் எல்லாம் பேச மாட்டேன், என் கட்-ஆஃபுக்கு கிடைச்சது அதுதான். ஆனா மூணாவது வருஷம் மண் இயக்கவியல் எடுத்த சார் ஒரு நாள் கரும்பலகையில ஒண்ணுமே எழுதாம, "அந்த 61 பேரோட எடை எவ்வளவுன்னு யாராவது சொல்லுங்கடா"ன்னு கேட்டார். கிளாஸ் அமைதியாயிடுச்சு. அந்தப் பாடம் மட்டும் எனக்கு நல்லாப் புரிஞ்சுது.

நாங்க சேர்ந்த முதல் செமஸ்டர்லதான், 2015 டிசம்பர், வெள்ளம். பூந்தமல்லிக்குப் பக்கத்துல செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி அதுலேர்ந்து விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் தண்ணி திறந்தாங்க. அடையாறு ஓரம் இருந்தவங்க கதை உங்களுக்கே தெரியும். இந்தப் பக்கம் கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகள் நிரம்பித் தெருவுக்குள்ள வந்துச்சு. எங்க தெருவுல இடுப்பளவு. அப்ப அஞ்சாவது படிச்சிக்கிட்டிருந்த இதே சித்தி பொண்ணை நான்தான் தோள்ல தூக்கி மாடிக்குக் கொண்டு போனேன்.

நாங்க படிச்சு முடிச்ச வருஷம், 2019. புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நாலும் காஞ்சு கிடந்துச்சு. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணியோட 50 டேங்கர் வேகன் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்துச்சு. ஆவடி, அம்பத்தூர் வழியா, அந்த 1856-ம் வருஷத்துப் பாதையிலதான் வந்துச்சு. வில்லிவாக்கத்துல இறக்கி எங்க கொண்டு போனாங்க தெரியுமா? கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. 1914-ல வந்த அதே இடம்.

சேர்ந்தப்ப வெள்ளம், முடிச்சப்ப வறட்சி. நாலே வருஷம், அதே ஏரிகள். இதுக்கு மேல ஒரு ஊர் எப்படிங்க கேள்வி கேட்கும்?

அந்த வருஷம் நானும் டான்செட் எழுதினேன். எம்.இ. மண் இயக்கவியல் கிடைக்கிற மாதிரிதான் மார்க். அதே மாசம் ஆஃபர் லெட்டரும் வந்துச்சு. வீட்ல கடன் இருந்துச்சு. நான் எதை எடுத்தேன்னு சொல்லத் தேவையில்ல. தப்புன்னும் சொல்ல மாட்டேன், அந்தச் சம்பளத்துலதான் கடன் அடைஞ்சுது. ஆனா ஏதாவது கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தா இப்பவும் வண்டியை ஓரமா நிறுத்திட்டு, களிமண்ணா மணலான்னு எட்டிப் பார்ப்பேன்.

*

சரி, இன்னிக்கு என்னென்ன வழி இருக்கு? சுருக்கமா.

2018-ல ஏ.ஐ.சி.டி.இ. கொண்டு வந்த மாதிரிப் பாடத்திட்டத்துல பி.இ.க்கு 160 கிரெடிட், அதுக்கு மேல 18-லேர்ந்து 20 வரைக்கும் படிச்சா ஹானர்ஸ் அல்லது மைனர்னு சொன்னாங்க. அண்ணா பல்கலைக்கழகம் 2021 ரெகுலேஷன்ல அதைக் கொண்டு வந்துச்சு. ஹானர்ஸ்னா உங்க துறைக்குள்ளேயே ஆழமாப் போறது: கட்டமைப்பு, மண், நீர்வளம், போக்குவரத்து, புவித்தகவலியல் இப்படி. மைனர்னா துறைக்கு வெளிய போறது: நிதித் தொழில்நுட்பம், தொழில் முனைவு, பொது நிர்வாகம், வணிகத் தரவு பகுப்பாய்வு, சுற்றுச்சூழலும் நீடித்த வளர்ச்சியும்னு. என் காலத்துல இதெல்லாம் எங்க காலேஜ்ல கிடையாது.

எம்.இ.க்கு கேட் எழுதலாம். பாஸ் பண்ணிச் சேர்ந்தா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. தமிழ்நாட்டுக்குள்ள, நாங்க எழுதின டான்செட்டுக்குப் பதிலா எம்.இ.க்கு 2023-லேர்ந்து சீட்டா-ன்னு தனித்தேர்வு. கேட் தேர்வுலயே கதை தொடருது பாருங்க: 2021-ல சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் தனித்தாள் ஆச்சு, 2022-ல ஜியோமேட்டிக்ஸ் தனித்தாள் ஆச்சு. ஜியோமேட்டிக்ஸ்னா என்ன? நம்ம டாப்பிங்கோட அளவு வேலைதான். சங்கிலிக்குப் பதிலா சாட்டிலைட், லேசர். 1794-ல ஆரம்பிச்ச பாடம் 228 வருஷம் கழிச்சு தனித்தாளா திரும்பி வந்திருக்கு.

ஊரமைப்பு படிக்கணும்னா எம்.பிளான். கிண்டி கட்டடக்கலைக் கல்லூரியில உண்டு, சிவில் படிச்சவங்களும் சேரலாம். 2022-ல சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டர்ல இருந்து 5,904-ஆ விரிச்சாங்க. ஆவடி தாண்டி எங்கெங்கேயோ போகுது. அத்தனை ஏரியையும் வயலையும் யாரு, எப்படி வீட்டு மனை ஆக்கப் போறாங்கங்கிறது சாதாரணக் கேள்வி இல்ல.

இன்னொண்ணு, டி.என்.பி.எஸ்.சி., யு.பி.எஸ்.சி. இன்ஜினியர் தேர்வு எழுத பி.இ. போதும். அதுக்காக எம்.இ. சேராதீங்க. ரெண்டு வருஷம் வீணா ஓட்டறதுக்கும் எம்.இ. சேராதீங்க.

*

சாயங்காலம் மறுபடி சித்தி வீடு. இதையெல்லாம் சொன்னேன் (இவ்வளவு நீளமா இல்ல, பயப்படாதீங்க). கடைசியா நான் சொன்னது இதுதான்.

"ஒவ்வொரு படிப்பும் ஒரு கேள்விக்குப் பதிலா வந்ததும்மா. நிலம் எவ்வளவு, தண்ணி சுத்தமா, ரோடு தாங்குமா, கீழ என்ன மண்ணு, வெள்ளம் எங்க போகும். எந்தக் கேள்வி உன்னைத் தூங்க விடாம பண்ணுதோ அதை எடு. டேட்டா நல்லதுதான், நான் அதுலதான் சாப்பிடறேன். ஆனா அது ஒரு கருவி. சங்கிலி மாதிரி. லாம்டன் கையில சங்கிலி இருந்துச்சு, ஆனா எதை அளக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கருவியை எப்ப வேணா கத்துக்கலாம். கேள்வி முதல்ல வேணும்."

சித்தி சும்மா இருப்பாங்களா? "கேள்வி சோறு போடுமா?"ன்னாங்க.

நியாயமான கேள்விங்க. என்கிட்ட பதில் இல்ல. ஒரு தடவை சோறுதான் முக்கியம்னு நானே முடிவெடுத்தவன். புதுசா முடிச்ச சிவில் பசங்க சம்பளம் இன்னிக்கும் சாஃப்ட்வேரை விடக் கம்மின்னு அவ முகத்துக்கு நேராவே சொன்னேன். மெட்ரோ ரெண்டாம் கட்டம் மட்டும் 118.9 கிலோமீட்டர், அதுல ஒரு தடம் கலங்கரை விளக்கத்துல இருந்து நம்ம பூந்தமல்லி வரைக்கும், டிப்போவும் இங்கதான், வேலைக்கு இடம் இருக்குன்னும் சொன்னேன். ரெண்டும் உண்மை. ரெண்டையும் சேர்த்து எடை போட வேண்டியது அவ.

அவ கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் கேட்டா, "அண்ணா, 2015-ல என்னை மாடிக்குத் தூக்கிட்டுப் போனியே, அந்தத் தண்ணி எந்த ஏரித் தண்ணி?"

அம்பத்தூர் ஏரியில இருந்து கொரட்டூர் ஏரிக்கு, அங்கேர்ந்து ரெட்டேரிக்குன்னு ஒரு சங்கிலி இருக்கு. ஆனா அன்னிக்கு நம்ம தெருவுக்குள்ள வந்தது எந்த உடைப்புல, எந்தக் கால்வாய் அடைச்சதுலன்னு எனக்கும் தெரியலன்னு சொன்னேன். நாலு வருஷம் சிவில் படிச்சவன். பத்து வருஷமா அதே தெருவுல இருக்கிறவன்.

பேனாவை எடுத்து 'ஹானர்ஸ்'க்கு நேரா டிக் அடிச்சா. பிரிவு: நீர்வளம். "பைத்தான் நீ ஞாயித்துக்கிழமை சொல்லிக் கொடுத்துடு"ன்னா. மைனர் வாத்தியார் வேலை எனக்கு :-)

சித்தி ஒண்ணும் சொல்லல. டப்பாவுல மீன் குழம்பு ஊத்திக் கொடுத்தாங்க. முழுசா கோபம் இல்லன்னு அர்த்தம்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு உங்க வீட்டுப் பிள்ளைங்களை சிவில்ல தள்ளிட்டு என்னைத் தேடி வராதீங்க. ஆனா அவங்க ஏற்கனவே சிவில்ல இருந்தா, ஒரு ஞாயித்துக்கிழமை பூண்டிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஜன்னல் சீட்டுக்கு மட்டும் சண்டை போட வேண்டாம்.